பஸ் தள்ளியவரும் படத்தில் இருந்தவரும்

லண்டனுக்குப் போய்வந்தவர்கள் பாலங்களைப் பற்றி எழுதுகிறார்கள். ஜப்பானுக்குப் போய்வந்தவர்கள் எரிமலையைப் பற்றி எழுதுகிறார்கள். நான் கொழும்பிலிருந்து சென்னைப் பட்டணத்துக்குப் போய் ஏழு நாள் இருந்துவிட்டுத் திரும்பியவன். பட்டணத்தில் என்ன பார்த்தாய் என்று இங்கே நண்பர்கள் கேட்கிறார்கள். மூன்றடி உயரத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் பார்த்தேன். பெயர் பிலோமினா, வயது நாலு, எனக்கு மகள். அந்த ஆளைப் பார்த்து முடிக்கவே ஏழு நாள் போதவில்லை.

எனக்குச் சென்னை வெளிநாடா, சொந்த நாடா என்பது கொஞ்சம் தகராறான விஷயம். பிறந்தது தூத்துக்குடி, எட்டு வருஷமாகக் குப்பை கொட்டுவது கொழும்பில். கல்யாணத்துக்கு மூன்று நாள், குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு இரண்டு வாரம், அவ்வளவுதான் எனக்கும் பட்டணத்துக்கும் உள்ள பழக்கம். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த என் மனைவி லூர்துவைக் குழந்தையோடு அங்கேயே விட்டுவிட்டு, இதோ மூன்று மாதத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். யுத்தம் வலுத்துவிட்டது. கொழும்புக்குப் பெண்டு பிள்ளைகளை அழைத்துவர யாருக்கும் தைரியம் இல்லை. லீவு கேட்டால் எங்கள் மானேஜர், நான் ஒருவன் நாற்காலியை விட்டு எழுந்தால் எதிரிப்படை உள்ளே நுழைந்துவிடும் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆன பிறகுதான் இனி எதிரி வரமாட்டான் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது. லீவு கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை, சாந்தோமில் மாமனார் வீட்டு வாசலில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கினேன். கையில் ஒரு பிஸ்கட் டின், கக்கத்தில் ஒரு பொம்மை, முகத்தில் நாலு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த சிரிப்பு. கதவைத் திறந்தது பிலோமினாதான். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிஸ்கட் டின்னை இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"தாத்தா, யாரோ ஒரு மாமா வந்திருக்காங்க" என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

லூர்து ஓடி வந்தாள். அழுதாள், சிரித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், குழந்தையை என் பக்கம் தள்ளினாள். "மினா, யாரு தெரியுதா? அப்பாடி! உங்கப்பா வந்துட்டாங்க!"

மினா தன் தாயைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அப்பா உள்ள இருக்காரேம்மா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வருஷம் அயலூரில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிற எந்தப் புருஷனுக்கும் இந்த வார்த்தை அவ்வளவு இனிமையாக இருக்காது. ஆனால் மினாவின் மனசில் கள்ளம் இல்லை. பாவம், இந்த மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று என் விரலைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துப்போனாள். அங்கே பீடத்தைக் காட்டினாள்.

எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் ஜெபம் சொல்வதற்கென்று சுவரோரம் ஒரு பலகை வைத்துப் படங்களை அடுக்கி, மெழுகுவத்தி வைத்திருப்போம். அதுதான் பீடம். மாமனார் வீட்டுப் பீடத்தில் முதலில் திருஇருதய ஆண்டவர். அடுத்து மாதா. அதற்கடுத்து அந்தோனியார். அந்தோனியாருக்கு வலப்பக்கம், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள், ஒரு கையைப் பூந்தொட்டியின்மேல் வைத்துக்கொண்டு நான்.

அது கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம். கோட்டு ஸ்டூடியோக்காரனுடையது. மீசையும் தலைமயிரும் அன்றைக்கு என்னுடையவை. முகத்தில் இருக்கும் சிவப்புக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, அது அவன் பென்சிலால் செய்த வேலை. போதாக்குறைக்குத் தலைக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து எடுத்திருந்தான். அந்த வெளிச்சம் தலையைச் சுற்றி வட்டமாக விழுந்திருந்தது. பக்கத்தில் அந்தோனியாருக்கும் அதே வட்டம்.

"இதுதான் எங்கப்பா. முத்தம் குடுத்துக்குங்க மாமா" என்றாள் மினா.

மாமனார் ரிட்டயரான வாத்தியார். கோவில் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிரம்பு பிடித்தவர். காரணம் சொல்லாமல் எதையும் செய்ததில்லை என்பது அவர் பெருமை. "வீட்டுக்காரன் சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னுட்டான், மாப்பிள்ளை. மேஜைமேல வெச்சா புள்ள எடுத்து உடைச்சிடும். பீடத்துல இருக்கறத மட்டும்தான் தொடமாட்டா. அதான் அங்க ஏத்திட்டேன்" என்றார்.

ஏற்றியதோடு விட்டாரா? தினம் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் குழந்தை எல்லாப் படத்துக்கும் முத்தம் கொடுக்கும். ஆண்டவர், மாதா, அந்தோனியார், நான். அப்பா எங்கே இருக்கார் என்று கேட்டால் கொழும்பில் என்பார்கள். கொழும்பு எங்கே? ரொம்பத் தூரம், நம் கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து என்ன செய்கிறார்? நமக்கு வேண்டியதையெல்லாம் அனுப்புகிறார். நீ சமர்த்தாக இருந்தால் ஒருநாள் அவரைப் பார்க்கலாம். ஞானப்பாடத்தில் மோட்சத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதும் ஏறக்குறைய இதேதான். குழந்தை இரண்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டதில் என்ன தப்பு? சுவாமியார் வந்து சோதித்தால்கூட முழு மார்க் கொடுத்திருப்பார்.

படத்தில் இருந்தவருக்கு நெற்றி நிறைய மயிர். எனக்கு நெற்றி மட்டும் மிச்சம். அவருக்கு மீசை உண்டு, எனக்கு மூக்குக்கண்ணாடி. இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு மினா பிஸ்கட் டின்னைத் திறக்கச் சொன்னாள். முதல் பிஸ்கட்டைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு இரண்டாவதைத் தான் தின்றாள். மூன்றாவதை எனக்குக் கொடுத்து, "எப்ப ஊருக்குப் போவீங்க மாமா?" என்று விசாரித்தாள்.

அன்று சாயங்காலம் லூர்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் தீர்ப்பைச் சொன்னாள். "திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்குங்க. அதுக்குள்ள அவளா உங்ககிட்ட ஒட்டிக்கிட்டா மூணு பேருமா கிளம்பிடலாம். இல்லன்னா இந்தத் தடவை நீங்க மட்டும் போங்க. பெத்த புள்ள அழ அழ, யாரோ ஒருத்தர்கூட இழுத்துக்கிட்டுப் போற மாதிரி என்னால கடல் தாண்ட முடியாது."

யாரோ ஒருத்தர் என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் அதிகமாகத் தைத்தது. கொழும்பில் இரண்டு ரூம் உள்ள வீடாகப் பிடித்து, மண்ணெண்ணெய் அடுப்பும் குழந்தைக்கு ஒரு குட்டி நாற்காலியும் வாங்கி வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்த நாற்காலியைக் காலியாகப் பார்த்துக்கொண்டு இன்னொரு வருஷம் தனியாகச் சோறு தின்ன எனக்குத் தெம்பில்லை.

புதன்கிழமை மயிலாப்பூர். வழிகாட்டி மினாதான். கச்சேரி ரோடு வழியாக நடந்தோம். "இதுக்குப் பேரு டிராம். கம்பியப் பிடிச்சுக்கிட்டே போகும்" என்று எனக்கு விளக்கினாள். கொழும்பிலும் டிராம் இருக்கிறது என்றேன். "கொழும்புல எதுக்கு டிராம்? அங்கதான் எல்லாரும் பறந்து போவாங்களே" என்றாள். எட்டு வருஷமாக நான் அங்கே டிராமில்தான் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிறேன்.

குளத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் காப்பி சாப்பிட்டோம். கொழும்பில் அளவுக்கு மேலே சீனி போட்ட, பாலில்லாத வெறுந்தேத்தண்ணீர் குடித்துக் குடித்து, சென்னைக் காப்பி என்றால் நாக்கைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தேன். யுத்தத்தில் மனிதர்கள் எத்தனையோ கண்டுபிடித்தார்கள், சென்னையில் காப்பிக்கொட்டை இல்லாமல் காப்பி போடக் கண்டுபிடித்திருந்தார்கள். புளியங்கொட்டை வாசனை தூக்கலாக இருந்தது. சர்க்கரைக்கு ரேஷன் ஆதலால் வெல்லம். பக்கத்து மேஜையில் இரண்டு பெரியவர்கள் அதையே ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"காப்பின்னு பேர் மட்டும் வெச்சுண்டு என்னத்தையோ கொண்டுவந்து கொட்டறான், ஓய். ஆனா ஆத்துல ஒரு வாய் குடிச்சுட்டு வந்தா இது தேவாமிர்தமா இருக்கு" என்றார் ஒருவர்.

"மெதுவாப் பேசும். உம்ம மச்சினன் பின்னாடி உக்காந்துண்டிருக்கான்" என்றார் மற்றவர்.

வெளியே வந்ததும் கம்பத்தின் உச்சியில் கை தட்டும் பொம்மையோடு ஜவ்வு மிட்டாய்க்காரன் பிடித்துக்கொண்டான். மினாவின் மணிக்கட்டில் மிட்டாயாலேயே ஒரு கடிகாரம் கட்டினான். "அப்பாவுக்கும் ஒண்ணு" என்றாள் மினா. நான் ஆசையோடு கையை நீட்டினேன். "உங்களுக்கு இல்ல மாமா, வீட்டுல அப்பாவுக்கு" என்று என் கையை மெல்லத் தள்ளிவிட்டாள். என் படத்துக்கு வாங்கிய கடிகாரத்தை ஒரு குச்சியில் சுற்றி, கச்சேரி ரோடு முழுக்க நானே வெயிலில் சுமந்துவந்தேன். மறுநாள் காலை பீடம் பூராவும் எறும்பு. அந்தோனியாரைக் கூட விடவில்லை.

வியாழக்கிழமை தியாகராய நகர். பாண்டி பஜாரில் குழந்தைக்குக் கவுன் வாங்குவதாகத் திட்டம். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பஸ்களுக்குப் பின்னால் ஒரு பெரிய இரும்பு அடுப்பைக் கட்டிக் கரி போட்டு ஓட்டினார்களே, அந்தப் பஸ் பட்டணத்தில் இன்னும் சாகாமல் இருந்தது. எங்களுக்கு வாய்த்தது அது. தேனாம்பேட்டைப் பக்கம் வந்ததும் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. கண்டக்டர் பின்னால் போய் அடுப்பின் கைப்பிடியைச் சுற்றினார். புகை வந்தது, வேறொன்றும் வரவில்லை.

"எறங்கு, எறங்கு, ஆம்பளைங்கல்லாம் எறங்கு! வண்டிக்கு மூச்சு வாங்குது. ஒரு கை குடுத்தா போயிக்கினே இருக்கும்" என்றார்.

கொழும்பில் நான் ஹெட் கிளார்க். என் கையெழுத்து இல்லாமல் துறைமுகத்தில் ஒரு பெட்டி நகராது. இங்கே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஒரு மீன்கூடைக்காரருக்கும் ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கும் நடுவில் நின்று பஸ்ஸைத் தள்ளினேன். கரிப்புகை மூக்குக்கண்ணாடியில் படிந்து உலகமே இருட்டாகிவிட்டது. முதுகு கழன்றுவிடும் என்று நினைத்த சமயத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பிற்று. கிளம்பிய வண்டி எங்களுக்காக நிற்கவில்லை. ஓடிப்போய்த்தான் ஏறினோம்.

உள்ளே மினா கண்ணை இறுக மூடி, கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, "பாத்தீங்களா மாமா? அப்பாகிட்ட கேட்டேன். உடனே ஓட வெச்சுட்டாரு!" என்றாள்.

"அப்டியா பாப்பா? நாளைக்கும் வந்துடு. தெனம் இங்கதான் நிக்கிது" என்றார் கண்டக்டர்.

தள்ளிய நான் எதிரே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். புண்ணியம் சாந்தோமில் பலகைமேல் இருந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது. கவுன் விஷயத்திலும் இதே கதைதான். துணிக்குக் கட்டுப்பாடு என்று கடைக்காரர் உதட்டைப் பிதுக்க, நான் கெஞ்சிக் கூத்தாடி உள்ளறையிலிருந்து ஒரு சிவப்புக் கவுனை வெளியே வரவழைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு பீடத்தின் முன் ஒரு சுற்றுச் சுற்றி, "தேங்க்ஸ் அப்பா. மாமா பத்திரமா எடுத்துக்கிட்டு வந்து குடுத்துட்டாரு" என்றாள். நான் தபால்காரன் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை மழை, எங்கும் போகவில்லை. மத்தியானம் வஞ்சிர மீன் குழம்பைக் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தேன். விழித்துப் பார்த்தால் மினா முகத்துக்கு அருகே குந்தியிருக்கிறாள். இத்தனை நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாளா என்று மனசு குளிர்ந்தது. "அம்மா! மாமா வாயத் திறந்துக்கிட்டு டர்ருங்கறாரு. அப்பா ஒருநாள்கூட இப்படிச் செஞ்சதில்ல" என்று சமையலறைக்குச் செய்தி அனுப்பினாள். அந்தப் படத்துக்காரன்மேல் எனக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது அப்போதுதான்.

சனிக்கிழமை ஜட்கா வைத்துக்கொண்டு அடையாறு போனோம். தினம் பார்க்கிற சாந்தோம் கடலை விட்டுப் புதுக் கடற்கரையைக் காட்டி மயக்குவது என் கடைசித் திட்டம். ஜட்காக்காரர் வயசான முஸ்லிம். காதர் பாய் என்று பெயர் சொன்னார். மினாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கடிவாள வாரின் நுனியைக் கையில் கொடுத்தார்.

"இன்னா பாப்பா, நைனாகூட பீச்சுக்குப் போறியா?"

"இது மாமா. எங்கப்பா படத்துல இருக்காரு."

காதர் பாய் த்சொ த்சொ என்று நாக்கைத் தட்டினார். தனக்குத்தான் சொல்கிறார் என்று குதிரை நின்றுவிட்டது. அதைத் தட்டி ஓட்டிவிட்டு என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எத்தினி வருசம் ஆவுது சார்?"

"நாலு வருஷம்" என்றேன். உண்மைதானே?

"எங்க சார் பூட்டாரு?"

"கொழும்பில்."

"யுத்தத்துல எத்தினி பேரு அப்டிப் பூட்டாங்க. கொயந்த மூஞ்சிகூட சரியாப் பாத்திருக்க மாட்டாரு, பாவம். நல்ல மனுசனா சார்?"

"சுமார்தான்" என்றேன்.

"தப்பு சார். போனவங்கள அப்டிச் சொல்லக் கூடாது. நல்ல மனுசன்னு வாயாரச் சொல்லு."

"நல்ல மனுஷன்" என்றேன். சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றவேண்டிவந்தது. காதர் பாய் அதைப் பார்த்துவிட்டுத் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். குதிரை வாசனையோடு அந்தத் துண்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடையாறு பாலம் தாண்டிய பிறகு, "நீ இன்னா ஒறவு கொயந்தைக்கி?" என்றார். அதைத்தான் நாலு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஜன்னல் பக்கம் பார்ப்பதாகப் பாவனை செய்தேன். ஜட்காவுக்கு ஜன்னல் கிடையாது.

கடற்கரையில் மினாவுக்குக் கொண்டாட்டம். அலை வந்தால் ஓடுவாள், போனால் அதட்டுவாள். என் செருப்புக்குள் மணலை நிரப்பி "இட்லி வெந்துடுச்சு" என்றாள், நான் இரண்டு இட்லி சாப்பிட்டேன். என் முதுகில் ஏறினாள். பெரிய அலை வந்தபோது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த ஈரக் கைகளை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. திங்கட்கிழமை மூன்று டிக்கெட் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கீழே இறங்கியதும் கடலைக் காட்டி, "அந்தப் பக்கம்தானே கொழும்பு?" என்றாள். கொஞ்சம் தெற்கே என்று காட்டினேன். அந்தத் திசையைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தி, "அப்பா...!" என்று கத்தினாள்.

"என்னம்மா?" என்றேன், என்னை மறந்து.

திரும்பிப் பார்த்தாள். "உங்கள இல்ல மாமா" என்றாள்.

அன்று சாயங்காலம் நான் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. ஆனால் பயணக் கட்டுரை எழுதுகிறவன் பார்த்ததை மறைக்கலாம், செய்ததை மறைக்கக் கூடாது. கூடத்தில் யாரும் இல்லாத சமயம் பார்த்துப் பீடத்திலிருந்து என் படத்தை எடுத்தேன். டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் போட்டுப் பூட்டினேன். போட்டியாள் இல்லாவிட்டால் பரிசு எனக்குத்தானே என்பது என் கணக்கு. முப்பத்துநாலு வயது ஹெட் கிளார்க்கின் கணக்கு.

ஜெபமாலை முடிந்தது. ஆண்டவருக்கு முத்தம், மாதாவுக்கு முத்தம், அந்தோனியாருக்கு முத்தம். அடுத்த இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். அழவில்லை. பலகைக்கு அடியில் தேடினாள், மெழுகுவத்திப் பெட்டிக்குள் பார்த்தாள். பிறகு முழங்காலில் நின்றாள். எங்களவர்களிடையே எது தொலைந்தாலும் அந்தோனியாரிடம் கேட்பது வழக்கம். சாவி, மூக்குத்தி, ஆடு, மாடு எல்லாம் அவர் இலாகா.

"அந்தோனியாரே, எங்கப்பா காணாமப் போயிட்டாரு. கண்டுபிடிச்சுக் குடுங்க. குடுத்தா என் சிவப்புக் கவுனை உங்களுக்குத் தந்துடறேன்."

லூர்து என்னைப் பார்த்தாள். நான் டிரங்குப் பெட்டியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். பூசை முடிந்து நான் வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஐந்து நிமிஷத்தில், கோவில் வாசலில் இருந்த பெண்கள் எல்லாரிடமும் மினா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். எங்கப்பாவ நேத்து சாயங்காலத்திலிருந்து காணோம் என்று. நான் வந்து சேர்ந்தபோது அவர்களில் திரேசம்மா டீச்சர் என்பவர் லூர்துவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மனச விட்டுடாத, லூர்து. நாலு வருஷம் கழிச்சு வந்த மனுஷன், வந்த அஞ்சாம் நாளே இப்படிப் பண்ணுவாருன்னு யாரு கண்டா? கப்பல்ல போற ஆம்பளைங்களே இப்படித்தான். பெட்டி இருக்கா, அதையும் எடுத்துட்டுப் போயிட்டாரா?"

லூர்து சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை டீச்சர் அழுகை என்று நினைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆபத்துச் சமயத்துல கூட நிக்கிறீங்களே, நல்லாருங்க. நீங்க யாரு, லூர்துக்கு அண்ணனா?"

மாமனார் என் தோளில் கைவைத்துக் கூட்டத்தை விட்டு அப்பால் அழைத்துப்போனார். "மாப்பிள்ளை, ராத்திரி அவ சரியாச் சாப்பிடலை. பெட்டியத் திறந்துடுங்க" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவருக்குத் திருட்டு முழி தெரியாதா?

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். படத்தைத் தானாகக் கிடைத்தமாதிரி எங்காவது வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை ஓடிற்று. சிவப்புக் கவுன் அந்தோனியாருக்குப் போய்விடுமே என்பது ஒரு கவலை. அதைவிட, இந்தக் குழந்தையிடம் நான் சொல்லும் முதல் விஷயமே பொய்யாக இருக்கவேண்டாம் என்று பட்டது. படத்தை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு மினாவிடம் போனேன்.

"நான்தாம்மா எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

"ஏன் மாமா?"

"எனக்கு... அவர்மேல பொறாமையா இருந்துச்சு. நீ எல்லாத்தையும் அவர்கிட்டயே சொல்றே."

தாத்தாவின் பேத்தி அல்லவா, தண்டனையை நிதானமாக முடிவு செய்தாள். படத்தை வாங்கிப் பீடத்தில் வைத்துவிட்டு, "முட்டி போடுங்க. அப்பாகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றாள்.

முட்டி போட்டேன். எதிரே பூந்தொட்டியின்மேல் கைவைத்து, பென்சில் சிவப்போடு, நான். எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இந்த ஆளிடம் கேட்பேன் என்று நினைத்ததில்லை. "மன்னிச்சிடுங்க. தெரியாமப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். "குழந்தையை விட்டுட்டு அவ்வளவு நாள் இருந்திருக்கக் கூடாது. அவளுக்குப் பல் முளைச்சப்ப நீங்க இல்ல. நடந்தப்ப இல்ல. எதுக்கும் இல்ல" என்று வாய் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மாமனார் வீட்டுக் கூடத்தில், மகள் பார்த்துக்கொண்டிருக்க, நான் அழுதேன்.

மினா படத்தை உற்றுப் பார்த்தாள். "அப்பா ஒண்ணும் சொல்லல. அப்ப மன்னிச்சிட்டாரு. எந்திரிங்க" என்று கவுனின் ஓரத்தால் என் கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "நாளைக்கு நீங்க கொழும்புக்குத்தான போறீங்க? அங்க எங்கப்பாவப் பாக்கலாமா?"

"நீயும் வர்றியா?" என்றேன்.

"ம். வழி உங்களுக்குத் தெரியும்ல?"

கதவோரம் நின்றிருந்த லூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் உள்ளே புடவைகளை மடிக்கும் சத்தம் கேட்டது. "அவ அழாம வரேன்னு சொல்லிட்டா. எனக்கு அது போதும்" என்றாள் என்னிடம். எனக்குப் போதவில்லை. கொழும்புக்குப் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பும் குட்டி நாற்காலியும்தான் இருக்கும். மீசையும் ஒளிவட்டமுமாக ஒருவரும் காத்திருக்கமாட்டார். அப்போது இந்தக் குழந்தை என்னை எப்படிப் பார்க்கும்? கடல் தாண்டி அழைத்துப்போய் ஏமாற்றப்போகிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் எழும்பூர் ஸ்டேஷன். பட்டணமே ஊரைக் காலிசெய்கிறதோ என்று நினைக்கும்படி கூட்டம். பெட்டிகளை ஏற்றி, பெஞ்சில் ஜன்னலோரம் மினாவை உட்காரவைத்தோம். படத்தை அவளே மடியில் வைத்துக்கொண்டாள். அதைத் தூக்கித் தூக்கி ஜன்னல் வழியாக அப்பாவுக்கு எஞ்சினையும் போர்ட்டர்களையும் காட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் பிளாட்பாரத்தில் நின்று, இரயில் பயணத்தில் செய்யக்கூடாதவை பதினான்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது, வழியில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. கூஜாவைத் திறந்து பார்த்தேன், காலி.

குழாய் பிளாட்பாரத்தின் அடுத்த கோடியில் இருந்தது. அங்கேயும் ஒரு பட்டணம் வரிசையில் நின்றது. என் முறை வந்து கூஜா பாதி நிரம்பியபோது விசில் ஊதிற்று. திரும்பிப் பார்த்தால் வண்டி நகருகிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். தண்ணீர் காலில் கொட்டுகிறது, யாரோ திட்டுகிறார்கள், எங்கள் பெட்டி எது என்று தெரியவில்லை.

அப்போது முன்னால் ஒரு ஜன்னலிலிருந்து அந்தக் குரல் கேட்டது. பாதி உடம்பு வெளியே, லூர்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்க, மினா தொண்டை கிழியக் கத்தினாள்:

"அப்பா! அப்பா!"

ஐயோ, படம் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். சடக்கென்று நின்றேன். குனிந்து பிளாட்பாரத்தில் தேடினேன், கூட்டத்தின் கால்களுக்கு நடுவே தேடினேன், வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையில் எட்டிப் பார்த்தேன். அந்தப் படம் இல்லாமல் போனால் இந்தக் குழந்தை என்ன ஆகும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

"வண்டி போயிக்கினே கீது, இன்னாத்த சார் தேடிக்கினு நிக்கிறே?" என்று ஒரு போர்ட்டர் என் முதுகைப் பிடித்துத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் ஒரு படியில் விழுந்து தொற்றிக்கொண்டேன். நல்லவேளை, எங்கள் பெட்டிதான். மூட்டைகளையும் மனிதர்களையும் மிதித்துக்கொண்டு ஜன்னலோரம் போய்ச் சேர்ந்தேன்.

"படம் எங்க விழுந்துச்சு? அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்மா, அழாத" என்றேன், மூச்சு இரைக்க.

லூர்து பெஞ்சைக் காட்டினாள். படம் அங்கேதான் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற அவசரத்தில் மினா அதன்மேலேயே ஏறி நின்றிருந்தாள். கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டிருந்தது. அவள் குனிந்து அதைப் பார்க்கக்கூட இல்லை. முகமெல்லாம் கண்ணீர். இரண்டு கையாலும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போனீங்க? வண்டி போயிடுச்சுல்ல?" என்று என்னை அதட்டினாள். "இனிமே எறங்கவே கூடாது, அப்பா."

"சரிம்மா" என்றேன்.